ஒல்லிக்காரியின் ஈரல்

எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் முழுக்க நான் யார் யாரையோ திட்டித் தீர்த்தேன். ஆஸ்பத்திரி லிஃப்ட்காரரை, ரத்தம் எடுக்க வந்த பிள்ளையை, மெடிக்கலில் சில்லறை இல்லை என்று சொன்னவரை. அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நான் பயந்து போயிருந்தேன், அவ்வளவுதான். இப்போது கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. அண்ணனுக்கு அடுத்த ஸ்கேன் வரை எங்களுக்கு லீவு. அதற்குள் எழுதிவிட வேண்டும். ஸ்கேன் நெருங்கிவிட்டால் மறுபடியும் ஊசியில் நூல் கோக்கக்கூட எனக்குக் கை நிற்காது.

நான் கோமதி. சங்கரன்கோவிலில் ரத வீதிக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் பெயர் சங்கரநாராயணன். எங்கள் ஊரில் இந்த இரண்டு பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் எலக்ட்ரீஷியன். புது வீடு கட்டுகிறவர்கள் வயரிங் வேலைக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டே பேர்தான் கூடப்பிறந்தது.

அவனுக்குக் கொஞ்ச நாளாகவே கால் வீங்கியது. ஏணியில் நின்றே வேலை பார்க்கிறவனுக்கு வீங்காமல் என்ன செய்யும் என்றோம். வயிறு முன்னால் வந்தது. வயசாகுதுல்லா என்று சிரித்தோம். கையும் காலும் குச்சியாகவே இருக்க வயிறு மட்டும் ஏன் வந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புளியங்குடியில் அவன் வயரிங் செய்த ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சு. குடும்பத்தோடு போயிருந்தோம். பந்தியில் பாதியில் எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போனான். போனவன் வரவில்லை. போய்ப் பார்த்தால், புதுசாகப் பதித்த வெள்ளை வாஷ்பேசின் முழுக்க ரத்தம். அவன் குழாயைத் திறந்துவிட்டு அதைக் கழுவிக்கொண்டிருந்தான். "புது வீடுட்டி, அசிங்கமாயிரும்" என்றான். சொல்லிக்கொண்டே சரிந்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். இல்லை என்றோம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வந்து அதையே கேட்டார். பிறகு மதினியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மதினி என்றால் அண்ணன் மனைவி, செல்வி. அவள் அழுதுகொண்டே, "கல்யாண வீட்டுல சோடா குடிச்சாக்கூட எங்கிட்ட சொல்லிட்டுத்தான் குடிப்பாவ" என்றாள். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஸ்ட்ரெச்சரை உதைக்கலாம் போலிருந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்றால் குடிதான் காரணம் என்று ஊருக்கே ஒரு முடிவு இருக்கிறது. எனக்கும் அதுவரை அப்படித்தான் இருந்தது.

அங்கிருந்து திருநெல்வேலி, பிறகு மதுரை. தொண்டை வழியாகக் குழாயில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எண்டோஸ்கோபி என்பது அதுதான். ஈரல் இறுகிப்போனால் அதற்குள் ரத்தம் நுழைய முடியாதாம். நுழைய முடியாத ரத்தம் உணவுக்குழாயின் ரத்த நரம்புகளில் போய் முட்டும், நரம்பு புடைத்து ஒருநாள் வெடிக்கும். அண்ணனுக்கு வெடித்தது அதுதான். புடைத்த நரம்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். வயிற்றில் இருந்தது தொப்பை இல்லை, தண்ணீர். ஊசி போட்டு வடித்தார்கள். ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அது வீங்கி, வீங்கிய இடமெல்லாம் தழும்பாகி, கடைசியில் ஈரலே சுருங்கிக் கல்லாகிவிட்டதற்குப் பெயர் சிரோசிஸ் என்று சொன்னார்கள். இதெல்லாம் நடக்கப் பல வருடம் ஆகுமாம். அத்தனை வருடமும் அது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஈரலுக்கென்றே படித்தவர், வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். நிதானமாகப் பேசுவார். அந்த நிதானமே எனக்குப் பயமாக இருக்கும். "மருந்துல ஓட்டலாம், ஆனா ரொம்ப நாள் ஓட்ட முடியாது. யாராவது ஈரல் குடுத்தாத்தான்" என்றார். முழு ஈரல் வேண்டாம், ஒரு பகுதி போதும், கொடுத்தவருக்குச் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்றார். வளரும் என்பதை அவர் ரோஜாச் செடியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

மதினிக்கு ரத்த வகை சேரவில்லை. சர்க்கரையும் இருந்தது. அண்ணன் மகனுக்கு இன்னும் வயசு வரவில்லை. எல்லோரும் அந்த வராந்தாவில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதிலேயே எல்லாம் இருந்தது. நான்தான், "எனக்குப் பாருங்க டாக்டர்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். அவர் என் அத்தை மகன், அதனால் இன்றைக்கும் அத்தான்தான். "யோசிச்சுச் சொல்லுதியா?" என்றார். யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அதனால் யோசிக்கவில்லை.

என் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு திமிர் உண்டு. நாற்பதைத் தாண்டியும் நான் ஒல்லி. கடைக்கு வருகிற பெண்கள், "அக்கா எப்படி இப்படியே இருக்கீங்க?" என்பார்கள். அண்ணனுக்கு இதைவிட நல்ல ஈரல் எங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன். ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஃபைப்ரோஸ்கேன் என்று ஒன்று எடுத்தார்கள். விலா எலும்புக்கு நடுவே ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். உள்ளே யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும், வலிக்காது. எடுத்த பெண் முதலில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி மறுபடி சுண்டினாள். நான் மேலே ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேசாக ஆடியது. அண்ணன் பார்த்தால் சரி செய்துவிடுவான் என்று தோன்றியது.

பிறகு எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். நான், அத்தான், அத்தை. அத்தை என்றால் அத்தானின் அம்மா, என் அப்பாவின் தங்கை. எனக்கு மாமியாரும் அவர்தான். பிறந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர்.

"உங்க ஈரல்லயும் கொழுப்பு இருக்கும்மா. நிறையவே இருக்கு. இந்த ஈரலை எடுத்து வைக்க முடியாது. வச்சா அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து."

நான் சிரித்துவிட்டேன். "டாக்டர், என்னைப் பாருங்க. எங்கிட்ட கொழுப்பு எங்க இருக்கு?"

"வெளியில தெரியுற மாதிரிதான் சேரணும்னு அதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார் அவர். பிறகு ஒரு விஷயம் சொன்னார். வெளிநாட்டில் அவருடைய வார்டில் ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த ஒருவர் இருந்தாராம். கதவில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, ஈரல் மட்டும் சுத்தம். அடுத்த படுக்கையில் மெக்ஸிகோவிலிருந்து போன தோட்ட வேலைக்காரர். அவ்வளவு குண்டும் இல்லை, குடியும் இல்லை. ஈரல் இறுகிப் போயிருந்தது. "நாலு ஊர்க்காரங்க ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டாலும் நாலு ஈரலும் ஒரே மாதிரி இருக்காது" என்றார்.

எனக்குப் புரிந்த வரையில் அவர் சொன்னது இதுதான். ஈரலுக்குள் சேருகிற கொழுப்பை உடைத்து அனுப்ப ஒரு வேலைக்காரன் இருக்கிறான். அவனை எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு ஜீன் சொல்கிறது. சிலருக்கு அந்த ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அப்போது வேலைக்காரன் வருவான், உட்காருவான், தானும் வேலை செய்ய மாட்டான், பக்கத்தில் இருப்பவனையும் செய்ய விடமாட்டான். மெக்ஸிகோ பக்கத்து மக்களிடம் இந்த மாற்றம் நிறைய. ஆப்பிரிக்க வம்சாவளியில் குறைவு. நாம் நடுவில். ஆனால் நமக்கு இன்னொரு கேடும் சேர்ந்திருக்கிறது. கொழுப்பைத் தோலுக்கு அடியில் வைத்துக்கொள்ள நமக்கு இடம் பத்தாது. கொஞ்சம் கூடினாலும் நேராக வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போய்விடும்.

அதைக் கேட்டதும் எனக்கு என் கடைதான் ஞாபகம் வந்தது. இத்தனை வருடமாக நான் அளவு எடுத்த பெண்களில் எத்தனை பேருக்குக் கை அளவு சின்னது, இடுப்பளவு பெரியது. ரெடிமேட் ஜாக்கெட் ஏன் நமக்குச் சேருவதில்லை என்று நானே பேசியிருக்கிறேன். அது துணிக்கடைக்காரர்களின் தப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் என் இஞ்ச் டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றினேன். என் அளவை நான் எடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "இந்த ஜீன் அம்மா வழியில ஒண்ணு, அப்பா வழியில ஒண்ணு வரும். ஒண்ணு மாறியிருந்தா கொஞ்சம் ஆபத்து. ரெண்டும் மாறியிருந்தா கூடுதல். உங்க அப்பா அம்மா சொந்தமா?"

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொந்தந்தான் டாக்டரம்மா. எங்கண்ணன் கெட்டுனது எங்க மாமன் மவளை. இவள எம்மவனுக்கு எடுத்திருக்கேன். நாங்க வெளியில குடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம்." அந்தப் பெருமையை நான் சின்ன வயதிலிருந்து கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அத்தையின் முகத்தில் இருந்த பெருமை மெல்ல இறங்கி, ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்கிற பார்வை வந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். கட்டாயம் இல்லை, பார்த்து வைப்போம் என்றார்கள். பிறகு வந்த முடிவில் அண்ணனுக்கும் எனக்கும் இரண்டு பக்கமும் மாறியிருந்தது. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஜீன் இருக்குன்னா நோய் வந்தே தீரும்னு இல்லம்மா. ஈரல்ல இருக்கிற கொழுப்பை இறக்க முடியும். சாப்பாட்டைக் குறைச்சு, தினமும் நடந்து, சில வாரம் கழிச்சு வாங்க. இறங்கியிருந்தா எடுத்துக்கலாம். ஆனா அவருக்கு ரொம்ப நேரம் இல்ல" என்றார்.

ஊருக்குத் திரும்பினேன். அரிசி கிடையாது, சர்க்கரை கிடையாது, எண்ணெய் பெயருக்குத்தான். காலையில் சுண்டல், மத்தியானம் பாசிப்பயறும் பூண்டும் போட்ட கஞ்சி, ராத்திரி காய் வேகவைத்த தண்ணீர். விடிந்ததும் தெப்பக்குளம் பக்கம் ஒரு நடை, சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வரை ஒரு நடை. பிரியாணிக் கடைகள் இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். எங்கள் ஊரில் அந்த வாசனைக்குத் தப்பித்து நடப்பது பெரிய வேலை. கடைக்கு வருகிறவர்கள், "என்னக்கா, ஒல்லியா இருந்துக்கிட்டு டயட்டா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். யாரிடமும் விளக்கவில்லை. பசியைவிட மோசம், ஒவ்வொரு கவளத்திலும் அண்ணன் உட்கார்ந்திருந்தான். ஒரு முறுக்கைப் பார்த்தால்கூட, இதைத் தின்றால் அவன் போய்விடுவானோ என்று தோன்றும். என் மகள் அபி ஸ்கூலிலிருந்து வந்து பிஸ்கட் தின்பதைப் பார்த்து ஒருநாள் காரணமே இல்லாமல் அவளைக் கத்தினேன். அவளும் என்னை மாதிரியே ஒல்லி. அதனால்தான் கத்தினேன் என்று பிறகு புரிந்தது.

என்னுடைய சமையலை முழுக்க அத்தை எடுத்துக்கொண்டார். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து என் வயிற்றில் தடவிவிடுவார். கஞ்சியைத் தாளித்து, பூண்டு வாசம் தெருவுக்கே வர, "குடிட்டி" என்று கையில் கொடுப்பார். அவ்வளவு ருசியாக இருக்கும். "உங்க கைக்கு வெறும் பயறும் மணக்குது அத்தே" என்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அண்ணனுக்கு நடுவில் ஒருநாள் புத்தி தடுமாறிவிட்டது. ஈரல் சுத்தம் செய்யாமல் விட்ட விஷம் மூளைக்கு ஏறினால் அப்படி ஆகுமாம். நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் மேலே நீட்டி, காற்றில் வயர் முறுக்கிக்கொண்டிருந்தான். "அண்ணே, நான் கோமதி" என்றேன். "மெயினை ஆஃப் பண்ணிட்டியளா?" என்று என்னை மரியாதையாகக் கேட்டான். வாழ்நாளில் அவன் என்னை ஏட்டி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாள் தெளிந்துவிட்டான். ஆனால் அந்தக் கைகள் எனக்குத் தெளியவில்லை.

இரண்டாவது எம்ஆர்ஐக்குப் போனோம். அத்தையும் வந்தார். அத்தான் அண்ணன் வார்டில் இருந்தார். டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்சம்தான் இறங்கியிருக்கு. போதாது. சரியா இருக்கீங்களா சாப்பாட்டுல?"

"தண்ணியும் பயறும் தவிர வேற ஒண்ணும் தொடல டாக்டர்" என்றேன். அவர் யோசித்தார். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், அதற்குள் அவருக்கு மோசமாகாமல் இருக்கணும் என்றார்.

அந்த அறையை விட்டு வெளியே வரும்போது எனக்குள் என்ன வந்தது என்பதை எழுதிவிட வேண்டும். நிம்மதி வந்தது. இன்றைக்கு என்னை அறுக்க மாட்டார்கள் என்கிற நிம்மதி. அடுத்த நொடியே அண்ணனின் கைகள் ஞாபகம் வந்தன. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. காத்திருக்கும் ஹாலில் ஏசி சிலுசிலுவென்று ஓடியது. மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. அத்தை கொண்டுவந்திருந்த தூக்குவாளியை மடியில் வைத்துத் திறந்தேன்.

கஞ்சி ஆறிக் கிடந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு ஆடை. விளிம்பைச் சுற்றி மெழுகு மாதிரி உறைந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். முகர்ந்தேன். நெய்.

வீட்டில் எப்போதும் சூடாகவே குடித்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

"அத்தே, இது என்னது?"

அத்தை வாளியைப் பார்த்தார். பிறகு எதிரே சுவரில் ஓடிக்கொண்டிருந்த டோக்கன் நம்பரைப் பார்த்தார்.

"எத்தனை நாளா விடுதிய?"

"மொதல்லருந்தே."

"எதுக்கு அத்தே?" நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். நாலு பேர் திரும்பினார்கள். "ஒவ்வொரு நாளும் பசியோட படுத்தேனே. அங்கன அண்ணன் சாகக் கிடக்கான். நீங்க நெய் விட்டியளா?"

"ஒன் கன்னம் ஒட்டிப் போச்சுட்டி. வயித்தக் கிழிக்கப் போறவளுக்குத் தெம்பு வேண்டாமான்னுதான் விட்டேன். ரெண்டு ஸ்பூனு." பிறகு என் பக்கம் பார்க்காமலேயே சொன்னார். "அது மொதல்ல. பெறவு டாக்டரம்மா போன்ல நெய் கூடாதுன்னு சொன்னத நானுந்தான கேட்டேன். கேட்ட பெறவும் விட்டேன்."

வாளியை என் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"அவன் எங்கண்ணன் மவன். நீ எங்கண்ணன் மவ. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல உள்ள அனுப்பிட்டு நான் வெளிய உக்காரணும். ஒருத்தராவது திரும்பி வராமப் போயிட்டா? ரெண்டு பேருமே வராமப் போயிட்டா? எனக்குத் தைரியம் இல்லட்டி கோமதி. தப்புன்னு ஒவ்வொரு நாளும் தோணும். ஆனாலும் விட்டேன்." புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அவரை அந்த இடத்திலேயே திட்டித் தீர்த்திருப்பேன். யார் யாரையோ திட்டியவள் நான். ஆனால் சற்று முன்னால் எனக்கு வந்த நிம்மதி இன்னும் உடம்பில் இருந்தது. அவர் கையால் செய்ததை நான் மனசால் செய்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே பயத்தில் உட்கார்ந்திருந்தோம். தூக்குவாளியை மூடினேன். எழுந்து போய் வாஷ்பேசினில் கொட்டிக் கழுவினேன். அது வெள்ளை வாஷ்பேசின். நெய் அதில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

திரும்பி வந்து, "அத்தே, எனக்கும் பயமாத்தான் இருக்கு. செத்துருவேன்னு பயமா இருக்கு. ஆனா அவன் கை மேல தூக்கிட்டுக் கெடந்தத நீங்க பாக்கல" என்றேன்.

"நாளையிலருந்து நானும் அதையே குடிக்கேன்" என்றார் அத்தை. "நீ என்ன குடிக்கியோ அது. ஒரே சட்டியில."

அப்படியே செய்தார். அந்த வயதில் என்னோடு விடியற்காலையில் நடக்கவும் வந்தார். முதலில் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார், பிறகு என்னை முந்தினார். கஞ்சியை என் கண் முன்னால்தான் தாளிப்பார். எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கி என்னிடம் காட்டிவிட்டுத்தான் சொட்டுவார். சட்டை போடாமல் வந்து நின்ற தன் மகனைப் பார்த்து, "எலே, ஒனக்கும் வயிறு வந்திருக்கு. நாளைக்கு நீயும் வா" என்றார். அத்தான் மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் அந்த நாட்களில் எங்களைப் பார்த்தவர்கள், ஏதோ பாதயாத்திரைக்கு விரதம் இருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். என் இடுப்பளவு குறைந்தது. அளவு எடுக்கும்போதெல்லாம் டேப்பின் அந்தப் பக்கத்தை அத்தை பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது முறை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "எடுத்துக்கலாம்" என்றார். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த முறை நிம்மதி வரவில்லை. பயம் மட்டும்தான் வந்தது, முழுசாக.

ஆபரேஷனுக்கு முன்னால், உறுப்பு கொடுக்க அனுமதி தருகிற ஒரு கமிட்டி முன் உட்கார வேண்டும். வீடியோ எடுத்தார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா, பணம் ஏதும் பேசப்பட்டதா, உயிருக்கு ஆபத்து உண்டு என்று தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். தெரியும் என்றேன். "பயமா இருக்கா?" என்று கடைசியில் ஒரு அம்மா கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரொம்பப் பயமா இருக்கு மேடம். ஆனா குடுக்கேன்" என்று வந்துவிட்டது. அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று காலையில் இரண்டு ஸ்ட்ரெச்சரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் முகம் மஞ்சளாக, எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. கழுத்தைத் திருப்பி, "காலையில சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டான். ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? அத்தனை வாரமும் அவனிடம், ஆமா சாப்பிட்டேன், ஆமா சாப்பிட்டேன் என்றுதான் பொய் சொல்லிவந்தேன். "வந்து சாப்பிடுதேன்" என்றேன். அத்தை இரண்டு ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் நடந்து வந்தார். கதவு வரைக்கும்தான் விட்டார்கள். கதவு மூடும்போது அவர் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. மயக்க மருந்துக்கு முன்னால் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

விழித்தபோது வயிறு முழுக்க நெருப்பு. எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. "அண்ணன்?" என்றேன். நர்ஸ் பிள்ளை, "வேலை செய்யுதுக்கா, உங்க ஈரல் அவருக்கு வேலை செய்யுது" என்றாள். அப்போதுதான் அழுதேன். அழுதால் தையல் வலித்தது. வலித்ததால் இன்னும் அழுதேன். எல்லாம் ஒழுங்காகப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணனுக்குப் பித்தநீர் கசிந்து இன்னொரு குழாய் போட்டார்கள். சாயங்காலமாக டாக்டர் வேகமாக நடந்து வந்தால் நான் முதலில் நர்ஸின் முகத்தைப் பார்ப்பேன். ஆனால் ஒவ்வொன்றாகத் தாண்டினோம்.

இன்றைக்கு அண்ணன் நடமாடுகிறான். ஏணி ஏறக் கூடாது, கீழே நின்று பையன்களை விரட்டுகிறான். ஆனால் பயம் முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அவன் வயிற்றில் இருப்பது என் ஈரல். என் ஈரலில் இருந்த அதே சோம்பேறி வேலைக்காரன் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறான். மறுபடியும் கொழுப்பு சேராது என்று டாக்டரால் எழுதிக் கொடுக்க முடியாது. ஊர்த் திருவிழாவில் ஒரு பரோட்டாக் கடை முன்னால் அவன் கொஞ்சம் நின்றதைப் பார்த்துவிட்டு, நடுத்தெருவில், "அண்ணே, அது என் ஈரல்!" என்று கத்தினேன். கடைக்காரர் அரண்டுவிட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அபி தினமும் சாயங்காலம் எங்களோடு நடக்கிறாள். அவளையும் அண்ணன் மகனையும் தொட்டிலிலேயே பேசி வைத்தது அத்தைதான். அந்தப் பேச்சை இப்போது எடுப்பதில்லை. ஒருநாள் யாரும் கேட்காமலேயே, "பிள்ளைகளுக்கு வெளியில பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் முடிந்து எனக்கு வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று சொன்ன முதல் நாள் ஒன்று இருக்கிறது. வடித்த கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். அத்தை பக்கத்து லாட்ஜில் அடுப்பு வாங்கி வைத்துத் தானே காய்ச்சிக் கொண்டுவந்தார். ஒரு டம்ளரில் ஊற்றினார். என்னிடம் நீட்டவில்லை. ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில், கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"குடுங்க அத்தே."

"இருட்டி. ஆறட்டும். ஆறினாத்தான் தெரியும். பாத்துட்டுக் குடி."

நான் கையை நீட்டினேன். தையல் இழுத்தது. அவர் பதறிப்போய் டம்ளரை எடுத்துக் கொடுத்தார். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, ஊதி ஊதிச் சூடாகவே குடித்து முடித்தேன்.